பணம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்

பணம் கட்டும் செயலிகளுக்குத் தமிழ் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதும் வரிகளுக்குக் கீழே உங்கள் பெயர் வருவதில்லை. அவற்றை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 72 வயதான என் அம்மா ஒரு நாளில் மிகக் கவனமாகப் படிக்கும் தமிழ் உங்களுடையதுதான். நாளிதழில் தலைப்புகளோடு நிறுத்திக்கொள்வாள். கைப்பேசியில் பணம் சம்பந்தமாக ஒரு வரி வந்தால் விரலை வைத்து, உதட்டை அசைத்து, கடைசிப் புள்ளி வரை படிப்பாள். 30 ஆண்டு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திய எனக்கு அப்படியொரு வாசகி வாய்த்ததில்லை. உங்களுக்கு வாய்த்திருக்கிறாள். அதனால்தான் முதலாளிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு ஒரு கீரைக்காரம்மா வருவார். கூடையின் விளிம்பில் க்யூஆர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒருநாள் காலை அம்மா இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கிக்கொண்டு, என் அக்கா மகள் சொல்லிக்கொடுத்தபடியே அட்டையைப் படம்பிடித்து, தொகையைப் போட்டு, பொத்தானைத் தொட்டிருக்கிறாள். திரையில் வந்தது: ‘உங்கள் பணப்பையில் போதுமான இருப்பு இல்லை.’ அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி, கயிற்றைத் தளர்த்தி, உள்ளே இருந்த அறுநூற்றுச் சொச்சத்தைத் திண்ணையில் கொட்டியிருக்கிறாள். “இந்தா கிடக்குல்லா? இல்லைன்னு சொல்ல இவன் யாரு?”

இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டிய நாள் பிறகு வந்தது. சென்னைக்கு என் வீட்டுக்கு வருவதற்காக அம்மாவுக்கு ஒரு ஸ்லீப்பர் பஸ் டிக்கெட் போட்டிருந்தோம். முழங்கால் வீங்கிப் பயணம் நின்றுபோனது. யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாமென்று டிக்கெட்டைத் தானே ரத்து செய்திருக்கிறாள். பணம் திரும்ப வர அந்தத் திரை இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று, ‘பணப்பைக்கு: உடனடியாக’. இன்னொன்று, ‘அசல் கட்டண முறைக்கு: 5 முதல் 7 வேலை நாட்கள்’. தமிழ் மட்டும் தெரிந்தவர் இதில் எதைத் தொடுவார், நீங்களே சொல்லுங்கள். அசல் என்றால் வட்டி சேராத முதல். இல்லையென்றால் போலியல்லாதது. அசல் கட்டண முறை என்றால் என்னவென்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பணப்பை தெரியும். இடுப்பிலேயே இருக்கிறது. அதைத்தான் தொட்டாள். 1,140 ரூபாய் ‘உங்கள் பணப்பைக்கு வெற்றிகரமாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வந்தது.

யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று ஒரு வாரம் பார்த்திருக்கிறாள். பிறகு வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதில் அந்தத் தொகை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் டிக்கெட் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த பையன் நல்ல பையன்தான். “பாட்டி, அது உங்க வாலட்லதான் இருக்கு” என்று ஃபோனைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். வாலட் என்றால் என்ன என்று கேட்க அவளுக்குக் கூச்சம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஃபோனில் வந்த ஏதோ லிங்க்கைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்து, பெற்ற பிள்ளைகளிடமே வசவு வாங்கியது ஊருக்கெல்லாம் தெரியும். தானும் அப்படித்தான் ஏமாந்துவிட்டோம் என்று முடிவு கட்டி, நான்கு மாதம் ஒருவரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெரிதில்லை. ஐம்பது வருடம் ஒரு குடும்பத்தின் வரவுசெலவை விரல்நுனியில் வைத்திருந்த பெண், தனக்கு இனிக் கணக்கு பார்க்கத் தெரியாது என்று நம்பிவிட்டாள்.

அவளை யாரும் ஏமாற்றவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. உங்களுடைய ஒரு சொல்தான் அவளை அலையவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலேயே வாலட் என்பது ஒரே பொருளில் நின்ற சொல் இல்லை. முதலில் அது பணம் வைக்கிற பொருளே இல்லை. யாத்திரை போகிறவன் தோளில் மாட்டிக்கொள்ளும் மூட்டை, நம் கட்டுச்சோற்று மூட்டை மாதிரி. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளில், பாவமன்னிப்புச் சீட்டு விற்கிற ஒருவன் தன் வாலட்டை மடியில் வைத்துக்கொண்டு வருகிறான். உள்ளே இருப்பவை ரோமாபுரியிலிருந்து வந்த மன்னிப்புச் சீட்டுகள். காகிதப் பணத்தை மடித்து வைக்கிற தட்டையான தோல் உறை என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில்தான் நிலைத்தது. ஆக, தோள் மூட்டை தோல் உறையாகி, தோல் உறை கைப்பேசிக்குள் ஒரு சின்னப் படமாகி வந்திருக்கிறது. ஆங்கிலேயனுக்கு அந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியும் பழக்கம். நமக்குக் கடைசிப் படி மட்டும்தான் வந்து சேர்ந்தது.

ஏனென்றால் நம் ஊரில் யாரும் தோல் உறையை வாலட் என்று சொன்னதே இல்லை. பர்ஸ் என்றோம். கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் மணிபர்ஸ். இங்கிலாந்தில் பெண்கள் வைத்திருப்பது பர்ஸ், ஆண்கள் வைத்திருப்பது வாலட். அமெரிக்காவில் பர்ஸ் என்றால் தோளில் மாட்டும் கைப்பை. நமக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. அப்பாவின் பின்பாக்கெட்டில் இருந்ததும் பர்ஸ்தான், அத்தை ரவிக்கைக்குள் செருகியிருந்ததும் பர்ஸ்தான், நகைக்கடையில் மோதிரத்தோடு கொடுக்கும் சிவப்பு ஜிப் வைத்த சமாச்சாரமும் பர்ஸ்தான். பரிசாகக் கொடுத்தால் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது, ஒரு ரூபாய் நாணயமாவது உள்ளே போட வேண்டும். ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் யாருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்பதில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மாற்றம் உண்டு. இவ்வளவு சடங்கோடு ஒரு இங்கிலீஷ் சொல்லைத் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

பர்ஸுக்கு முந்தி மடி இருந்தது. வேட்டியின் மடிப்பு, சேலையின் இடுப்புச் செருகல். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். முந்தானை முடிச்சு இருந்தது. வெற்றிலையும் சில்லறையும் சேர்ந்து கிடக்கிற சுருக்குப் பை இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டி இருந்தது. எங்கள் கரிசல்காட்டுச் சம்சாரிகள் வேட்டிக்கு மேல் கட்டிய அகலமான பச்சை பெல்ட்டில் பட்டன் வைத்த பை இருந்தது. பருத்தி போட்ட காசு அதில்தான் வீட்டுக்கு வரும். புலவர்களுக்குக் கொடுத்த கிழி ஒன்றும் உண்டு, ஆனால் அது தருமியோடு சரி.

திருடர்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முடிச்சில் பணம் வைத்த காலத்தில் முடிச்சவிழ்க்கி. சட்டையில் ஜேப் வைத்துத் தைக்க ஆரம்பித்ததும் ஜேப்படிக்காரன். பேன்ட் வந்த பிறகு பிக்பாக்கெட். பணம் எங்கே இருந்ததோ அந்த இடத்தின் பெயர் திருடனின் பெயரிலேயே இருக்கிறது. இப்போது ஓடிபி கேட்டு வாங்குகிறவனுக்குத் தமிழில் பெயரே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பணம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நமக்கே தெரியாததால் வைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். தமிழில் பை, மடி, முடிச்சு, பர்ஸ் எல்லாம் உடம்போடு ஒட்டியவை. கை வைத்தால் தட்டுப்படும். தொலைந்தால் இடுப்பு முதலில் சொல்லிவிடும். செயலிக்குள் இருக்கிற வாலட்டோ இதற்கு நேர் எதிர்ச் சரக்கு. அது என் கையில் இல்லை. நான் முன்கூட்டியே இன்னொருவரிடம் கொடுத்து வைத்த பணம் அது. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் மாசத்துக்கென்று ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கக் கழித்துக்கொள்ளச் சொல்வது மாதிரி. அதற்குப் போய் ‘உங்கள் பணப்பை’ என்று பெயர் வைத்தால், என்னை விட்டுப் போன காசை என் இடுப்பில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அகராதிப்படி சரி. சொன்ன செய்திதான் தலைகீழ்.

இது சொல்லழகு பற்றிய சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். காசு எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அதற்கான சட்டமும் மாறுகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கில் இந்த வாலட்டுகள் முன்பணம் செலுத்திய கருவிகள். குறைந்தபட்ச விவரம் மட்டும் கொடுத்துத் திறந்தால் அதில் 10,000 ரூபாய்க்கு மேல் நிற்க முடியாது. முழு அடையாளச் சரிபார்ப்பு முடித்தால் 2 லட்சம் வரை. அதில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. வங்கி அல்லாத நிறுவனம் நடத்தினால், மக்கள் போட்ட தொகையை அது வேறொரு வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், அந்த மட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வங்கி நொடித்தால் வைப்புதாரருக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு, 2020 பிப்ரவரியிலிருந்து அதுதான் வரம்பு, இந்த வாலட் பணத்துக்குக் கிடையாது. டிக்கெட் விற்கிற நிறுவனம், சாமான் விற்கிற நிறுவனம் தனக்கென்று நடத்துகிற வாலட் இன்னும் குறுகலானது. அங்கே போட்ட காசு அங்கேதான் செல்லும். அம்மாவின் 1,140 ரூபாய் அந்த ரகம். இன்னொரு பஸ் டிக்கெட் எடுக்கலாம், கீரை வாங்க முடியாது.

யுபிஐ முற்றிலும் வேறு. 2016-இல் அது வந்தபோது அதன் சிறப்பே பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்கும் என்பதுதான். கீரைக்காரம்மாவுக்கு 30 ரூபாய் போகிற கணம் வரை அது அம்மாவின் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது, வட்டியோடு, காப்பீட்டோடு. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும் ஊரே கைப்பேசிக்குள் ஓடியது. அந்த அவசரத்தில் வாலட்டும் யுபிஐயும் ஒரே கூடையில் விழுந்தன. இன்றைக்கு ஒரே செயலியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மக்கள் இரண்டையும் ‘ஜிபே பண்ணிட்டேன்’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறார்கள். பேசுகிறவர்கள் சொல்லலாம், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. எழுதுகிறவர்கள் பிரித்துக் காட்ட வேண்டும்.

நாளாக ஆகக் குழப்பம் கூடத்தான் செய்யும். சின்னத் தொகைகளுக்கென்று யுபிஐ லைட் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து கொஞ்சத்தைக் கைப்பேசிக்குப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்வது. மொத்தம் 5,000 ரூபாய், ஒரு தடவைக்கு 1,000 வரை என்று 2024 டிசம்பரில் வரம்பை உயர்த்தினார்கள். பின் எண் போடாமலேயே போகும். பாஸ்புக்கில் பிரித்தெடுத்த தொகை மட்டும் ஒரு வரியாக விழும், கீரையும் டீயும் தனித்தனியாகத் தெரியாது. உண்மையில் இதற்குத்தான் சுருக்குப் பை என்ற பெயர் பொருந்தும்! அதையும் நீங்கள் பணப்பை என்றே போட்டால் அம்மாவுக்கு இப்போது மூன்று பணப்பை, அதில் ஒன்றுதான் இடுப்பில். கூகுள் வாலட் 2024 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது, விமானத்தின் போர்டிங் பாஸ், சினிமா டிக்கெட் எல்லாம் அடுக்கி வைக்கும் உறையாக வந்தது, பணம் அனுப்ப அவர்களுடைய இன்னொரு செயலிதான். பேர் வாலட், உள்ளே சீட்டுகள். சாசரின் ஆளை நினைத்துக்கொண்டேன். பிட்காயின்காரர்கள் வாலட் என்பதில் நாணயமே இல்லை, சாவி மட்டும்தான் இருக்கிறது. அதைத் தமிழில் சாவிக்கொத்து என்று எழுதினால் பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். சாவியை ஊரான் கையில் கொடுக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, வேறு எப்படித்தான் எழுதுவது என்று கேட்பீர்கள். விடை நெடுஞ்சாலையில் இருக்கிறது. சுங்கச்சாவடியில் காசு கழிக்கும் ஃபாஸ்டேக்கும் இதே முன்பணச் சரக்குதான். சட்டத்தின் பார்வையில் அண்ணன் தம்பி. ஆனால் எந்த லாரி டிரைவரும் அதைப் பணப்பை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “ஃபாஸ்டேக்ல காசு ஏத்தியாச்சா?” என்பார். சென்னையில் சிங்காரச் சென்னை அட்டையை மெட்ரோவில் தேய்க்கிற கல்லூரிப் பெண் “கார்டுல ஏத்தணும்” என்கிறாள். அந்தக் காலத்தில் செல்ஃபோன் கடையில் சின்னச் சீட்டைச் சுரண்டி டாப்அப் ஏற்றிய நாளிலிருந்து ஏற்றுவது, ஏற்றிய காசு, ஏற்றிய காசு தீர்ந்துபோச்சு என்று நமக்கு முழுப் புழக்கம் இருக்கிறது. போனிலோ கார்டிலோ ஏற்றிய காசைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம், அந்தக் கம்பெனிக்குள்தான் செலவாகும் என்ற எச்சரிக்கைகூட அந்த ஒரு வினைச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை விட்டுவிட்டு ‘பணத்தைச் சேர்க்கவும்’ என்று பொத்தானில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அம்மா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “கல்யாணமான நாள்லருந்து அதைத்தானய்யா பண்ணிக்கிட்டிருக்கேன்!”

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் நண்பர்கள் சிலர் இந்த வேலை பார்க்கிறார்கள். எக்செல் தாளில் வரிவரியாகச் சொற்கள் வரும். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில், எதற்குப் பிறகு வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘வாலட்’ என்று ஒற்றைச் சொல் இருக்கும், பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும். சொல்லுக்கு இத்தனை பைசா. நாளைக்குள் ஆயிரம் வரி. போன வருடம் இன்னொருவர் ‘பணப்பை’ என்று போட்டதை மென்பொருள் தானாகவே எடுத்துக் கொடுக்கும். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று மேலே இருந்து கேள்வி வரும். அந்த மேலே இருக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. இதையெல்லாம் கேட்டிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறவனும் இதே சாதிதான், தப்பு நடந்தால் மட்டும் நம்மைத் தேடுவார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் உங்களுக்கு இடி உண்டு. ‘வாலட்’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே போட்டால் தமிழைக் கொல்கிறாய் என்று ஒருவர் வருவார். எண்ணிமப் பணப்பை, மின்பணப்பை என்று சொல் கட்டித் தருவார். எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் ‘மின்மடி’ என்று முன்மொழிந்தார். அழகான சொல்தான், மடியில் பணம் வைத்த வழக்கமும் உள்ளே இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் எங்கள் வீட்டுப் பசுமாடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மடி என்பதற்குச் சோம்பல் என்றும் பொருள் உண்டு, குறளில் மடியின்மைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. புதுச்சொல் செய்வதற்கு நான் எதிரியில்லை. வாழ்நாள் முழுக்க அதற்கு வாதாடியவன். பேருந்து என்ற சொல் நிலைத்தது, மின்விசிறி நிலைத்தது, காரணம் அவை பொருளைக் கண்முன் கொண்டுவந்தன. பணப்பையும் கண்முன் கொண்டுவருகிறது, தப்பான பொருளை. தப்பாகப் புரிகிற தமிழைவிட, புரியவில்லை என்று தெரிகிற இங்கிலீஷ் ஆபத்து குறைந்தது. இதை நான் சொல்லவில்லை. அந்த 1,140 ரூபாய்க் கதை வெளியே வந்த அன்றைக்கு, ஃபோனை இங்கிலீஷுக்கே மாற்றிவிடச் சொல்லி அக்கா மகளிடம் கொடுத்தபோது அம்மா சொன்னது: “இங்கிலீஷ்ல இருந்தா எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். யார்ட்டயாவது கேட்பேன். தமிழ்ல இருந்தா தெரிஞ்ச மாதிரியே இருக்கு.”

ஆங்கில எழுத்து அறியாத பெண் ஒருத்தி, தமிழைவிட ஆங்கிலம் தனக்குப் பத்திரம் என்று முடிவெடுத்திருக்கிறாள். தமிழ் எழுதிச் சாப்பிடுகிற நானும் நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

பணம் கட்டும் செயலி நல்ல தமிழ் எழுதவே முடியாத இடம் என்றும் சொல்ல முடியாது. டீக்கடையில் இருக்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைக் கேளுங்கள். இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சொல்கிறது. பரோட்டா மாவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருக்கிற மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டுகிறார். எவ்வளவு, வந்ததா போனதா, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியவர் யாரோ, ஒரு கும்பிடு.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ‘பணப்பை’ என்ற சொல்லைப் பணத் திரைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒற்றைச் சொல் தேட வேண்டாம், பணம் இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் இருந்தால் வங்கிக் கணக்கு என்றே எழுதுங்கள், வங்கியின் பெயரோடு. செயலிக்குள் முன்பே போட்டதென்றால் ‘இங்கே ஏற்றிய பணம்’ என்று எழுதுங்கள். நிறுவனம் பெயர் வேண்டுமென்று அடம்பிடித்தால் ‘வாலட்’ என்று தமிழ் எழுத்தில் போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் ‘நீங்கள் முன்பே ஏற்றி வைத்த பணம்’ என்று பக்கத்தில் சேருங்கள். (‘வேலட்’ என்று எழுதாதீர்கள். ஹோட்டல் வாசலில் காரை வாங்கி நிறுத்துகிறவர் அவர்.) ‘பணத்தைச் சேர்க்கவும்’ என்ற இடத்தில் ‘பணம் ஏற்று’. ‘அசல் கட்டண முறை’ என்ற இடத்தில் ‘எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ, அதற்கே’. பின் எண் கேட்கும் திரையில் ‘இதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும், பணம் வாங்க இது தேவையில்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் பக்கத்துத் தெரு வாத்தியார் மாதிரி எத்தனையோ பேருக்குப் புண்ணியம்.

வரி நீளமாகிறது, பொத்தானுக்குள் அடங்காது என்று வடிவமைப்பாளர் சொல்வார். அவரிடம் சண்டை போடுங்கள். தமிழ் எப்போதும் ஆங்கிலத்தைவிட இடம் கேட்கிற மொழி என்பது அவருக்கு என்றைக்காவது தெரிய வேண்டியதுதான். வெறும் சொற்பட்டியலாக வந்தால் திரையின் படத்தைக் காட்டு என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், காலிக் கட்டத்தில் மொழிபெயர்ப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: இந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? அதற்கு விடை வரும்வரை அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். நிரப்பிய பிறகு, வெளியே விடுவதற்கு முன்பு, உங்கள் வீட்டில் இருக்கிற வயதானவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘புரிஞ்சுதா’ என்று கேட்க வேண்டாம், புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘இப்ப உன் காசு எங்க இருக்கு?’ என்று கேளுங்கள்.

கீரைக்காரம்மாவிடம் அம்மா கண்ட அந்த வரியை நான் எழுதிப் பார்த்தேன். ‘இந்தச் செயலியில் நீங்கள் ஏற்றிய பணம் போதவில்லை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கலாமா?’ உங்களால் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியும், செய்யுங்கள். டிக்கெட் ரத்துக்கு: ‘பணம் எங்கே வர வேண்டும்? உங்கள் வங்கிக் கணக்குக்கா (5 முதல் 7 நாளாகும்), இங்கேயே இருக்கட்டுமா (உடனே; அடுத்த டிக்கெட் எடுக்க மட்டும் உதவும்)?’ இப்படிக் கேட்டிருந்தால் அம்மா எதைத் தொட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஏழு நாள் காத்திருப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ஃபோனைத் திரும்பத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். “அந்தப் பை சமாச்சாரத்தை எடுத்துட்டானான்னு பாத்துட்டு மாத்து” என்றாள். அதற்குள் முடியுமா என்று பாருங்கள்.

அன்புடன்,
பழைய மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்